இயல் எண்களைச் சுருளாக எழுதினால் கிடைக்கும் தொடர்களில் உண்மையிலேயே ஒழுங்கு உண்டா, அல்லது அது கண்ணின் மயக்கமா?

ஒழுங்கு உண்டு, ஆனால் இச்சுருளில் பகா எண்களைக் குறித்துப் பலரும் வியந்து காட்டும் படத்தில் பாதி வியப்புக்கு மிக எளிய காரணம் இருக்கிறது. கணினியை நாடுவதற்கு முன் கட்டம் போட்ட கணக்கு நோட்டில் ஒருமுறை கையால் எழுதிப் பாருங்கள். நடுவில் 1, அதன் வலப்புறம் 2, அதற்கு மேல் 3, பிறகு இடஞ்சுழியாகச் சுற்றிக்கொண்டே போனால் முதல் சுற்று இப்படி முடியும்:

5 4 3
6 1 2
7 8 9

நடுவிலிருந்து நேராக வலப்பக்கம் போனால் 1, 2, 11, 28, 53 என்ற தொடர் கிடைக்கிறது. அடுத்தடுத்த உறுப்புகளின் வேறுபாடுகள் 1, 9, 17, 25. அதாவது ஒவ்வொரு முறையும் 8 கூடுகிறது. முதல் சுற்றில் 8 எண்கள், இரண்டாவதில் 16, மூன்றாவதில் 24 என்று சுற்றுகள் எட்டெட்டாக நீள்வதே இதற்குக் காரணம். ஆகவே சுற்றின் வரிசை எண்ணை ‘ந’ என்று கொண்டால், இத்தொடர் 4ந² − 3ந + 1 ஆகிறது. மற்றத் திசைகளிலும் தொடக்கத்தில் அதே 4ந² நிற்க, பின்னால் வருவது மட்டும் மாறும். வலப்புறக் கீழ் மூலைக்கு இறங்கினால் 1, 9, 25, 49 என ஒற்றை எண்களின் வர்க்கங்களே வரும்.

1963இல் கணிதவியலர் ஸ்டானிஸ்லாவ் உலாம் சலிப்பூட்டிய ஓர் ஆய்வுரையின்போது இச்சுருளைக் கிறுக்கிப் பகா எண்களைக் குறித்தபோது, அவை மூலைவிட்டங்களில் வரிசைகட்டி நிற்பதைக் கண்டார். இதில் ஒரு பங்கு வெறும் ஒற்றை இரட்டைக் கணக்குதான்: சதுரங்கப் பலகையின் கறுப்பு வெள்ளைபோல இங்கே பக்கத்துக் கட்டங்களில் ஒற்றையும் இரட்டையும் மாறிமாறி வருவதால், ஒரே மூலைவிட்டத்தில் இருப்பவை எல்லாம் ஒற்றையாகவோ எல்லாம் இரட்டையாகவோ இருக்கும், 2 நீங்கலாகப் பகா எண்கள் ஒற்றையாதலால் அவற்றுக்கு வேறு போக்கிடம் இல்லை. ஆனால் ஒற்றை எண்கள் நிற்கும் மூலைவிட்டங்களுக்குள்ளேயே சிலவற்றில் பகா எண்கள் செழித்தும் சிலவற்றில் அருகியும் இருப்பதை இந்தக் கணக்கு விளக்காது. நடுவில் 1க்குப் பதிலாக 41ஐ வைத்துத் தொடங்கினால், இடப்புறக் கீழிருந்து வலப்புற மேல் செல்லும் மூலைவிட்டத்தில், நடுவிலிருந்து இருபுறமும் மாறிமாறி 41, 43, 47, 53, 61 என்று 1601 வரை இடைவிடாமல் நாற்பது பகா எண்கள் நிற்கின்றன. இது கணிதவியலர் ஆய்லர் கண்ட புகழ்பெற்ற இருபடிக் கோவையே: ந² + ந + 41 (இங்கே ந என்பது 0, 1, 2 என்று 39 வரை). இத்தகைய கோவைகளில் பகா எண்கள் எவ்வளவு அடர்த்தியாக வரும் என்று கணிதவியலர்கள் ஹார்டியும் லிட்டில்வுட்டும் 1923இல் ஓர் ஊகத்தை முன்வைத்தனர். ஏதேனும் ஓர் இருபடிக் கோவை முடிவின்றிப் பகா எண்களைத் தரும் என்பதைக்கூட இன்றுவரை எவரும் நிறுவவில்லை.

எனக்குத் தனிப்பட்ட முறையில் இதைவிடப் பிடித்தது குதிரைத் தொடர். இதே சுருளில் 1இன் மீது ஒரு சதுரங்கக் குதிரையை நிறுத்தி, தாவ இயலும் கட்டங்களில் இதுவரை மிதிக்காதவற்றுள் மிகச் சிறிய எண்ணுக்கே அது போக வேண்டும் என்று விதி வைத்தால், 1, 10, 3, 6, 9, 4, 7, 2, 5, 8 என்று முதல் பத்து எண்களையும் ஒன்று விடாமல் தொட்டுவிட்டு 11க்குத் தாவுகிறது. இங்கே 4ந² போன்ற வாய்பாடு எதுவும் கைகொடுக்காது. ஒவ்வொரு தாவலாகப் பின்தொடர்ந்தே ஆக வேண்டும். எல்லையற்ற பலகையில் என்றென்றும் ஓடும் என்று நாம் நினைக்கும் அந்தக் குதிரை, 2016ஆவது கட்டமாக 2084இல் கால் வைத்ததும் நின்றுவிடுகிறது; அங்கிருந்து தாவக்கூடிய எட்டுக் கட்டங்களும் அது ஏற்கெனவே மிதித்தவை.