போர்ட்டை விடாத ஸ்கிரிப்ட்

கேள்வி: சர்வரை நிறுத்திட்டு திரும்ப ஸ்டார்ட் பண்ணா போர்ட் யூஸ்ல இருக்குன்னு எரர் வருது. சர்வர் ப்ராசஸே இல்ல, அது கிளப்பிவிட்ட ஒரு ஸ்கிரிப்ட் மட்டும்தான் ஓடுது. ஏன் சார்?

பதில்: அந்த ஸ்கிரிப்ட்தாங்க பிடிச்சு வச்சிருக்கு. ஃபோர்க் பண்ணா, அதாவது ஒரு ப்ராசஸ் தன்னையே நகலெடுத்து புது ப்ராசஸ் கிளப்பினா, அப்பா ப்ராசஸ் (இங்க சர்வர்) திறந்த ஃபைல், சாக்கெட் (போர்ட்டை பிடிச்சிருக்கிற நெட்வொர்க் முனை) எல்லாம் பிள்ளை ப்ராசஸுக்கும் (இங்க ஸ்கிரிப்ட்) போயிடும், எக்ஸெக் பண்ணி பிள்ளை வேற ப்ரோக்ராமா மாறினாலும் தானா மூடாது. அதனால திறக்கும்போதே எக்ஸெக் ஆகும்போது தானா மூடச் சொல்ற க்ளோஸ்-ஆன்-எக்ஸெக் ஃப்ளாக் போட்டு திறங்க, லினக்ஸ்ல சாக்கெட்டுக்கு 2.6.27 கர்னல்லேர்ந்தே இருக்கு. திறந்தப்புறம் ஃப்ளாக்கை மாத்துற எஃப்சிஎன்டிஎல் கால்ல போட்டுக்கலாம்னு மட்டும் விடாதீங்க, நடுவுல வேற த்ரெட் ஃபோர்க் பண்ணிட்டா அந்த இடைவெளியிலயே கசிஞ்சிடும், இந்த பிழைய கண்டுபிடிக்கிறது ரொம்ப கஷ்டம். லைப்ரரிங்க திறந்ததுக்கு, பிள்ளைல எக்ஸெக்குக்கு முன்னாடி டிஸ்க்ரிப்டர் (திறந்த ஃபைல், சாக்கெட்டோட நம்பர்) 3லேர்ந்து மேல எல்லாத்தையும் க்ளோஸ்_ரேஞ்ச்ங்கிற கால் வச்சு மூடிடுங்க, குறைஞ்சது லினக்ஸ் 5.9 கர்னல் வேணும். பைத்தான்னா 3.4லேர்ந்து அதுவே பாத்துக்கும்.