இழுத்த மீயும் இழுத்தடிச்ச மாமனாரும்

ஈசூன் வாசகி: அக்கா, திருச்சியிலேருந்து மாமனார் வந்திருந்தாரு, சிங்கப்பூர் சைனாடவுன்ல கையால இழுக்கிற மீ (நூடுல்ஸ்) கடை ஒண்ணுக்குக் கூட்டிட்டுப் போனோம். பத்து மேசை கூட இருக்காது, வாசல் வரைக்கும் கூட்டம். முன்பின் தெரியாதவங்க மேசையில உட்கார மாட்டேன்னுட்டாரு, தனி மேசைக்காக அரை மணி நேரம் நின்னோம். கிண்ணம் வந்ததும் வீடியோ கால்ல அத்தைகிட்ட காட்டி, ஊர்க்கதையெல்லாம் பேசி முடிச்சு வாயில வச்சா மீ ஊதிப்போச்சு. "இதுக்கா இவ்ளோ கூட்டம்?"னு கேட்டுட்டாரு. மிச்சத்தைத் தபாவ் (பார்சல்) பண்ணினோம், வீட்டுல திறந்தா கூழ். கடை சரியில்லையா?

கடை மேல தப்பே இல்லம்மா, உங்க மாமனார் இழுத்தடிச்சதுதான் தப்பு (அவர்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க). பாக்கெட் மீ மாதிரி காய வச்சது இல்ல இது, ஆர்டர் போன பிறகுதான் மாவு உருண்டையை எடுத்து இழுக்கவே ஆரம்பிப்பாங்க, பச்சை மாவு, கொதிக்கிற தண்ணியில ஒண்ணு ரெண்டு நிமிஷம் தான், அப்படியே சூப்புல விழும், விழுந்த நொடியிலேருந்து சூப்பைக் குடிச்சுக்கிட்டே இருக்கும். மொத அஞ்சு நிமிஷத்துல இருக்கிற அந்த இழுவை பத்தாவது நிமிஷம் இருக்காது. தபாவ் பண்ணியே ஆகணும்னா சூப்பைத் தனியா கட்டித் தரச் சொல்லுங்க, அப்பவும் மீ கட்டியாத்தான் ஒட்டிக்கும், அதனால சூப்பு ஊத்தாத மீயா வாங்கிட்டா தேவலாம்.

மேசை விஷயம். அந்த மாதிரி கடையில இடம் கண்ட இடத்துல உட்காரணும், எதிர்ல யாரோ ஒரு அங்கிள் தலையைக் குனிஞ்சு உறிஞ்சிக்கிட்டு இருப்பாரு, நம்மளை ஏறிட்டுக்கூட பார்க்க மாட்டாரு. நம்ம ஊர் கல்யாணப் பந்தியில பக்கத்து இலை யாருன்னு கேட்டுட்டா உட்கார்றோம்? மாமனார்கிட்ட இதைச் சொல்லிப் பாருங்க, மசிவாரு.

இன்னொண்ணு, அடுத்த தடவை அவரை மாவு இழுக்கிற மேசை தெரியிற பக்கமா உட்கார வைங்க. நான் போற கடையில ஒரு தம்பி, மணிக்கட்டு வரைக்கும் மாவு, கையளவு உருண்டையை நீளமா இழுத்து முறுக்கி எஃகு மேசையில 'டப்'புனு அறைவாரு, மடிப்பாரு, மறுபடி இழுப்பாரு. ஒவ்வொரு மடிப்புக்கும் இழை ரெண்டு மடங்கு, 2, 4, 8ன்னு ஏறி ஏழாவது மடிப்புல 128, எட்டாவதுல 256. விரலுக்கு நடுவுல முடி மாதிரி தொங்கும்போது நுனியைக் கிள்ளிட்டு அண்டாவுல வீசிடுவாரு, அத்தனையும் நான் ஒரு வாய் தேத்தண்ணி குடிக்கிறதுக்குள்ள. எத்தனை வருஷமா பரோட்டா மாஸ்டர் வீசுறதைப் பார்த்திருக்கேன், அதே சத்தம்தான், ஆனா இங்க என்னால கண்ணை எடுக்க முடியல.

உட்லண்ட்ஸ் வாசகர்: நான் மாட்டிறைச்சி சாப்பிட மாட்டேன், என் நண்பன் முஸ்லிம். ரெண்டு பேரும் சேர்ந்து போகலாமா?

'லான்சோ' பேர் போட்ட கடைன்னா அது வடமேற்குச் சீனாவுல மஞ்சள் ஆத்தங்கரையில இருக்கிற ஊர், கான்சு மாகாணத்தோட தலைநகரம். இந்த மீயைப் பேர் வாங்க வச்சதே அங்க இருக்கிற ஹுய் முஸ்லிம்கள்தான். மாட்டு எலும்பைக் கொதிக்க வச்சு வடிச்ச தெளிஞ்ச சூப்பு, வெள்ளை முள்ளங்கி, சிவப்பு மிளகாய் எண்ணெய், பச்சைக் கொத்தமல்லி, மஞ்சள் மீன்னு அஞ்சு நிறம் இருக்கணும்பாங்க. அதனால கறியை மட்டும் எடுத்துடுங்கன்னா உங்களுக்கு வேலைக்காகாது தம்பி, சூப்பே மாடுதான். 'நியூ ரோ'ன்னா மாடு, 'யாங் ரோ'ன்னா ஆடு, இந்த ரெண்டு வார்த்தையை மனசுல வச்சுக்கிட்டு ஆட்டு மீ கேட்கலாம், ஆனா அடியில ஊத்துற சூப்பு எதுன்னு தனியா கேட்டுக்கணும்.

நண்பருக்கு: லான்சோன்னு பலகை இருந்தாலே ஹலால்னு நினைச்சுடாதீங்க, இங்க அதே பேர்ல பன்றிக்கறி டம்ப்ளிங் விக்கிற கடையும் இருக்கு. மூயிஸ் (சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம்) குடுக்கிற ஹலால் சான்றிதழ் ஒட்டியிருக்கான்னு பாருங்க.

தோ பாயோ வாசகி: வீட்டுல பரோட்டா மாவை இழுத்துப் பார்த்தேன், அறுந்து அறுந்து போகுது. என்ன ரகசியம்?

ரகசியம்னா காரம். மிளகாய்க் காரம் இல்ல, அப்பளக்காரம் மாதிரி காரம். லான்சோ பக்கம் வறண்ட நிலத்துல வளர்ற ஒரு செடியை எரிச்ச சாம்பலைத் தண்ணியில கரைச்சு மாவுல சேர்ப்பாங்க, இப்ப கடைங்கள்ல அதுக்குப் பதிலா பொடி வந்துடுச்சு. அதுதான் மாவை ரப்பரா இழுக்க வைக்குது, லேசா மஞ்சளும் ஆக்குது. அப்பளத்துக்குக் காரம் போடாம இட்டுப் பாருங்க, விஷயம் புரிஞ்சிடும். அது இல்லாமலே செய்யணும்னா மடிச்சு மடிச்சு இழுக்கிற வித்தையை விட்டுடுங்க. மாவுல உப்பு போட்டு நல்லா பிசைஞ்சு, விரல் தடிமனுக்குக் கயிறு மாதிரி உருட்டி, எண்ணெய் தடவி ஒரு மணி நேரம் மூடி வைங்க, அப்புறம் ஒவ்வொரு கயிறா இழுங்க. சீனாவோட சின்சியாங் பக்கம் இப்படித்தான் இழுப்பாங்க. எனக்கு மூணாவது தடவைதான் வந்துச்சு, மொத ரெண்டு தடவையும் அன்னிக்கு ராத்திரி சப்பாத்தி.

ஜூரோங் வாசகர்: "காரம் வேணாம்லா"ன்னு சொன்னேன், சிவக்கச் சிவக்கக் கொண்டு வந்து வச்சுட்டாங்க!

சிரிக்காதீங்க, எனக்கும் இதேதான் நடந்துச்சு. இந்த மீக்குச் சீனத்துல 'லா மியான்'னு பேரு, அதுல வர்ற லா இழுக்கிறது, குரலை இறக்கி வெட்டுற மாதிரி சொன்னா அதே லா காரம், நாம வாக்கியத்துக்கு வாக்கியம் ஒட்டுற லா வேற. சீனாவிலேருந்து வந்து வேலை பார்க்கிற அந்த ஆண்ட்டி காதுல நீங்க சொன்னதுல "லா" மட்டும்தான் விழுந்திருக்கும், அள்ளி ஊத்திட்டாங்க. 'பு லா' (காரம் வேணாம்)ன்னு சொல்லுங்க, கூடவே மிளகாய் எண்ணெய்ச் சட்டியைக் காட்டிக் கையை ஆட்டுங்க.

பொங்கோல் வாசகி: மீயைச் சத்தம் போட்டு உறிஞ்சினா என் பொண்ணு மானம் போகுதுங்கிறா.

பாயசத்தை உள்ளங்கையில ஊத்தி வழிச்சு உறிஞ்சுற வம்சம்டி நாமன்னு சொல்லிட்டு, சூடு ஆறறதுக்குள்ள உறிஞ்சுங்க.