வாசகர் கேள்வி–பதில்: பாலித் தீவின் கமெலான் இசையைக் கேட்பது எப்படி?

கேள்வி: பாலித் தீவின் கமெலான் இசையை ஒலிப்பதிவில் முதன்முறையாகக் கேட்டேன். ஏராளமான உலோகக் கருவிகள் ஒரே நேரத்தில் மிக வேகமாக ஒலிக்கின்றன. எதைப் பின்தொடர்வது என்று விளங்கவில்லை. எங்கிருந்து தொடங்க வேண்டும்?

பதில்: அடியிலிருந்து தொடங்குங்கள். கமெலானைப் புதிதாகக் கேட்பவரின் காது, உச்சியில் ஒலிக்கும் விரைவான ஸ்வரங்களின் பின்னால்தான் ஓடும். ஆனால் அந்த இசையைத் தாங்கி நிற்பவை அவை அல்ல. மிக மெதுவாக, மிக அரிதாக ஒலிக்கும் கருவிகளே தாங்கி நிற்கின்றன. குழுவின் பின்புறத்தில் தொங்கும் பெரிய வெண்கலக் கோங் ஒலிக்கும் கணத்துக்காக முதலில் காத்திருங்கள். அந்த அடி விழுந்ததும் மனத்தில் ஒரு குறி வைத்துக்கொண்டு, அடுத்த அடி எப்போது விழுகிறது என்று மட்டும் கவனியுங்கள். இரண்டு கோங் அடிகளுக்கு இடைப்பட்ட அந்த நீளமே பாட்டின் ஒரு சுற்று. மற்ற எல்லாக் கருவிகளும் அந்தச் சுற்றை நிரப்புகின்றன, பகுக்கின்றன, அழகுபடுத்துகின்றன.

சுற்றின் நீளம் பாட்டுக்குப் பாட்டு வேறுபடும். போர்வீரர் ஆட்டமான பாரிசுக்கும், ஊர்வலங்களில் முழங்கும் பெலெகஞ்சூர் இசைக்கும் அடிப்படையாக இருக்கும் ‘கிலாக்’ என்னும் அமைப்பு வெறும் 8 தட்டுகளில் முடிந்துவிடும். கோயில் விழாக்களில் வாசிக்கப்படும் ‘லெலம்பாத்தான்’ என்னும் பழைய மெதுவான உருப்படிகளிலோ ஒரு கோங் அடியிலிருந்து அடுத்ததற்குச் செல்ல ஒரு நிமிடத்துக்கும் மேலாகும். எனவே முதல் பயிற்சிக்குக் கிலாக்கே ஏற்றது. அதைச் சில நிமிடங்கள் கேட்டாலே உடல் தானாகக் கோங்கை எதிர்பார்க்கத் தொடங்கிவிடும்.

இங்கே கர்நாடக இசை கேட்டுப் பழகியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாம் தாளத்தின் முதல் தட்டான சமத்திலிருந்து புறப்பட்டு எண்ணிச் செல்கிறோம். பாலி இசைஞர்களுக்கோ கோங் அடி சுற்றின் கடைசித் தட்டு. இசையின் எடை முழுவதும் முடிவை நோக்கிச் சாய்கிறது. பாட்டு ஒவ்வொரு முறையும் கோங்கிடம் ‘வந்து சேர்கிறது’. நம் எண்ணும் பழக்கத்தை அதன்மேல் ஏற்றினால் எல்லாம் ஒரு தட்டு தள்ளி நிற்பதுபோல் தோன்றும். வந்து சேரும் இடமாகக் கேட்டால் உடனே நேராகிவிடும்.

கோங் பிடிபட்ட பிறகு ஒவ்வொரு படியாக மேலே ஏறுங்கள். தாழ்ந்த குரலில் நீண்டு ஒலிக்கும் ‘ஜெகோகான்’, அதற்கு மேலே ‘ஜூப்லாக்’ ஆகிய கருவிகள் பாட்டின் எலும்புக்கூடான மெதுவான மெட்டைத் தருகின்றன. அதை உங்களால் முணுமுணுக்க முடிந்தால் பாதி வேலை முடிந்தது. அதற்கும் மேலே ‘உகால்’ என்னும் கருவியின் முன் அமர்ந்திருக்கும் முதன்மை இசைஞர் அதே மெட்டைச் சற்று விரிவாக வாசித்து மற்றவர்களை நடத்திச் செல்கிறார். உச்சியில் இருக்கும் வேகமான பின்னலைக் கடைசியில் கேளுங்கள். அப்போது அது இரைச்சலாக இருக்காது, கீழே நடக்கும் மெதுவான மெட்டைச் சுற்றிச் சுற்றி வருவதை நீங்களே உணர்வீர்கள்.

கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியில் இந்த இசையைக் கேட்க வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்வேன். பெரிய கோங்கின் தாழ்ந்த ஒலியை அது ஏறக்குறைய முழுமையாக விழுங்கிவிடும். அஸ்திவாரம் இல்லாமல் மேல்மாடியை மட்டும் கேட்டுவிட்டு, இது இரைச்சல் என்று முடிவு செய்பவர்கள் பலர். நல்ல காதொலிப்பானே (ஹெட்போன்) போதுமானது. பெரிய ஒலிபெருக்கி இன்னும் சிறப்பு.

கேள்வி: நான் கேட்ட பதிவில் ஒவ்வொரு ஸ்வரமும் அலைபோல நடுங்குகிறது. கருவிகளைச் சரியாகச் சுருதி சேர்க்கவில்லையா, பதிவில் குறையா?

பதில்: இரண்டும் இல்லை, அந்த நடுக்கம் வேண்டுமென்றே உண்டாக்கப்படுவது. பாலியில் வெண்கலக் கருவிகளைப் பெரும்பாலும் இணைகளாகச் செய்கிறார்கள். இணையில் ஒன்று சற்றுத் தாழ்ந்தது, அதற்குப் ‘பெங்கும்பாங்’ என்று பெயர். மற்றது சற்று உயர்ந்தது, அது ‘பெங்கிசெப்’. ஒன்றின் கட்டை (சுத்தியால் அடிக்கப்படும் வெண்கலப் பட்டை) நொடிக்கு 200 முறை அதிர, அதன் துணையின் அதே கட்டை 207 முறை அதிர்கிறது என்று வைத்துக்கொண்டால், இரண்டையும் சேர்த்து அடிக்கும்போது நொடிக்கு 7 முறை ஒலி எழுந்து அடங்கும். இந்த அலையை ‘ஓம்பாக்’ என்கிறார்கள். தனியாக அடிக்கப்படும் ஒற்றைக் கட்டை அவர்களுக்கு உயிரற்ற ஒலி. இணையாக அடிக்கும்போதுதான் அது மூச்சுவிடுகிறது.

இந்த அலையின் வேகத்தைத் தாழ்ந்த ஸ்தாயியிலும் உயர்ந்த ஸ்தாயியிலும் ஏறக்குறைய ஒன்றாக வைத்திருக்கச் சுருதி சேர்ப்பவர் பாடுபடுகிறார். வெண்கலக் கட்டையை அரத்தால் சிறிது சிறிதாக ராவி, காதால் கேட்டுச் செய்யும் அந்த வேலை மிகுந்த பொறுமையைக் கோருவது. குலுங்குங் பகுதியிலுள்ள திஹிங்கான் போன்ற கிராமங்களில் இக்கருவிகளைச் செய்யும் ‘பாண்டே’ என்னும் உலோகத் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக இந்தக் கலையைக் காத்து வருகிறார்கள். அடுத்த முறை கேட்கும்போது, கோங் அடி விழுந்து மற்றவை அடங்கும் இடத்தில் அலையை மட்டும் தனியாகக் கேட்டுப் பாருங்கள். குறை என்று தோன்றியதே பிறகு நீங்கள் தேடிச் செல்லும் இன்பமாகிவிடும்.

கேள்வி: மனிதக் கைகளால் இவ்வளவு வேகமாக வாசிக்க முடியுமா?

பதில்: ஒரு மனிதரின் கைகளால் முடியாது, இருவரால் முடியும். பாலி இசையின் தனிப்பெரும் சாதனை என்று நான் கருதுவது இதைத்தான். நீங்கள் கேட்கும் வேகமான ஒற்றை இழை, உண்மையில் ‘கோத்தேக்கான்’ என்னும் முறையில் பின்னப்பட்ட இரண்டு இழைகள். ஒரு பகுதிக்குப் ‘போலோஸ்’ என்றும், அதன் இடைவெளிகளில் புகுந்து அடிக்கும் மறுபகுதிக்குச் ‘சங்சி’ என்றும் பெயர். இருவரும் தனித்தனியே வாசித்தால் இரண்டுமே ஓட்டையும் தாவலுமாக, பொருளற்றவை போல் ஒலிக்கும். சேர்ந்தால் ஒரே நீரோட்டம். நிமிடத்துக்கு 140 தட்டு என்னும் வேகத்தில் தட்டுக்கு நான்கு ஸ்வரம் வீதம் ஓடினால், நொடிக்கு ஒன்பதுக்கும் மேற்பட்ட ஸ்வரங்கள் ஒலிக்கும்.

பின்னும் முறைகளிலும் பல வகை உண்டு. இருவரும் மாறி மாறி ஒவ்வொன்றாக அடிப்பது எளிய வகை. மூன்று ஸ்வரங்களை மட்டும் கொண்ட ‘கோத்தேக்கான் தெலு’ என்னும் வகையில், ஒருவர் கீழ் இரண்டையும் மற்றவர் மேல் இரண்டையும் வாசிக்க, நடுவிலுள்ள ஸ்வரத்தில் இருவரும் சந்திக்கிறார்கள். நான்கு ஸ்வர வகையிலோ, மிகத் தாழ்ந்ததும் மிக உயர்ந்ததும் ஒன்றாக ஒலித்து அவ்வப்போது ஒரு கூர்மையைத் தருகின்றன. அந்தக் கூர்மை விழும் இடங்களே தனியொரு தாளமாகக் காதில் பதியும். சில பதிவுகளில் இரு பகுதிகளும் வலப்புறமும் இடப்புறமும் பிரிந்து கேட்கும். அப்படிப்பட்ட பதிவு கிடைத்தால் ஒரு காதை மூடிக்கொண்டு ஒருமுறையும், இரு காதுகளாலும் ஒருமுறையும் கேளுங்கள்.

கைகளைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால் இடக்கையைப் பாருங்கள். வலக்கை சிறு சுத்தியால் கட்டையை அடிக்க, முந்தைய கட்டையின் ஒலியை இடக்கை விரல்கள் பிடித்து நிறுத்துகின்றன. நிறுத்தும் கை தாமதித்தால் பின்னல் முழுவதும் குழம்பிவிடும் என்பதால், அடிப்பதைவிட நிறுத்துவதே கடினம் என்று சொல்லலாம். ஏறத்தாழ 25 பேர் கொண்ட குழு, தாளைப் பார்க்காமல், நினைவிலிருந்தே இதையெல்லாம் வாசிக்கிறது. ஆட்டக்காரரின் ஓர் அசைவைக் கண்டு ‘கெண்டாங்’ முழவை வாசிப்பவர் சைகை கொடுக்க, ஓடிக்கொண்டிருந்த அனைவரும் ஒரே கணத்தில் நின்று மறுபடி பாய்கிறார்கள். ‘ஆங்செல்’ என்னும் இந்த நிறுத்தத்தை ஒருமுறை நேரில் கேட்டவர் மறக்க மாட்டார்.

கேள்வி: ராகம் போன்ற ஏதேனும் இதில் உண்டா? தனி ஆவர்த்தனமோ ஆலாபனையோ ஏன் இல்லை?

பதில்: ‘பெலோக்’, ‘ஸ்லெந்த்ரோ’ என இரண்டு பெரிய ஸ்வர முறைகள் உண்டு. இன்று பரவலாக வாசிக்கப்படும் கமெலான் கோங் கெப்யாரில் பெலோக் முறையிலிருந்து ஐந்து ஸ்வரங்கள் எடுத்தாளப்படுகின்றன. ஆனால் பொதுச் சுருதி என்று எதுவும் கிடையாது. ஒவ்வொரு கருவித் தொகுதிக்கும் அதற்கே உரிய இடைவெளிகள் உண்டு. ஒரு கிராமத்தின் கருவியை எடுத்து மற்றொரு கிராமத்தின் தொகுதியோடு சேர்த்து வாசிக்க இயலாது. வெண்கலக் கட்டையில் கமகத்துக்கும் இடமில்லை. ஒரு குரல் ஒரு ஸ்வரத்தை வளைத்துப் பெறும் அழகை, இங்கே பல கைகள் அந்த ஸ்வரத்தைச் சூழ்ந்து வாசித்துப் பெறுகின்றன. ஆகையால் தனியொருவரின் கற்பனையைத் தேடி இதைக் கேட்டால் ஏமாற்றமே மிஞ்சும். தனித்து ஒலிப்பவர்களும் சிலர் உண்டு. பத்துக் குடக்கோங்குகளை வரிசையாக வைத்து வாசிக்கும் ‘திரொம்போங்’ கலைஞர் லெலம்பாத்தான் உருப்படிகளின் தொடக்கத்தில் தனியாக வாசிப்பதைக் கேளுங்கள். ஆலாபனைப் பிரியர்களுக்கு அது மிகவும் பிடிக்கும்.

கேள்வி: ஜாவாவின் கமெலானும் பாலியின் கமெலானும் ஒன்றா?

பதில்: உறவு உண்டு, குணம் வேறு. மத்திய ஜாவாவின் அரண்மனை இசை அமைதியாக, மென்மையாக விரியும். பாலி இசை திடீரென வெடிக்கும், திடீரென அடங்கும். இந்தக் குணம் 1915ஆம் ஆண்டையொட்டி வடபாலியின் புலேலெங் பகுதியில் தோன்றிய கெப்யார் பாணியால் இன்னும் கூர்மையடைந்தது. அந்தப் பாணி தீவெங்கும் பரவிய வேகத்தில், பல கிராமங்கள் தங்கள் பழைய கருவிகளை உருக்கிப் புதியவற்றை வார்த்துக்கொண்டன. இ கெதுத் மாரியா என்னும் கலைஞர் 1925இல் உருவாக்கிய ‘கெப்யார் டூடுக்’ ஆட்டம் அந்தக் காலத்தின் எழுச்சியைக் காட்டுவது. 1928இல் ஐரோப்பிய நிறுவனங்கள் பாலியில் எடுத்த பதிவுகளும் இன்று மறுபதிப்பாகக் கிடைக்கின்றன.

கேள்வி: பாலிக்குச் செல்லவிருக்கிறேன். உண்மையான கமெலானை எங்கே கேட்கலாம்? சுற்றுலாப் பயணிகளுக்கான நிகழ்ச்சிகளைத் தவிர்க்க வேண்டுமா?

பதில்: தவிர்க்க வேண்டாம். உபுத் அரண்மனை முற்றத்திலும் சுற்றியுள்ள இடங்களிலும் மாலைதோறும் நடக்கும் நிகழ்ச்சிகளில் திறமை மிக்க குழுக்கள் வாசிக்கின்றன. முன்வரிசையில் அமர்ந்து கோத்தேக்கானைக் கண்ணால் பார்க்க அதைவிட வசதியான இடம் இல்லை. ஜூன் நடுவிலிருந்து ஜூலை நடுவரை டென்பசார் கலைமையத்தில் 1979 முதல் நடைபெற்றுவரும் பாலிக் கலைவிழாவில், மாவட்டக் குழுக்கள் இரண்டு எதிரெதிரே அமர்ந்து மாறி மாறி வாசிப்பதைக் கேட்கலாம். உள்ளூர் இரசிகர்களின் ஆரவாரமும் அந்த இசையின் ஒரு பகுதியே.

ஆனால் இந்த இசை பிறந்த இடம் கோயில். பெரும்பாலான கோயில்களுக்கு 210 நாள் கொண்ட பாலி நாட்காட்டியின்படி ‘ஓடாலான்’ என்னும் ஆண்டு விழா வருவதால், தீவில் ஏதோ ஓரிடத்தில் விழா நடந்துகொண்டேதான் இருக்கும். அங்கே ஒரே நேரத்தில் ஒரு புறம் கமெலான், மறுபுறம் பக்திப் பாடல், இடையே பூசாரியின் மணி என எல்லாம் ஒன்றாக ஒலிக்கும். யாரும் மேடையை நோக்கி அமைதியாக அமர்ந்திருக்க மாட்டார்கள். இடுப்பில் துணியும் கச்சையும் கட்டிக்கொண்டு செல்லுங்கள். வழிபடுவோரைவிட உயரமான இடத்தில் நிற்காதீர்கள். கருவிகளை ஒருபோதும் தாண்டிச் செல்லாதீர்கள், அவை பூசைக்குரியவை.

கேள்வி: பதிவுகளில் எந்த வகையை முதலில் கேட்கலாம்?

பதில்: பலரும் கெப்யாரைத்தான் முதலில் கைகாட்டுவார்கள். நான் அதைச் சற்றுத் தள்ளி வைப்பேன். ஏழு ஸ்வரங்களுடன், இனிமையான உயர்ந்த குரலில், முற்காலத்தில் அரண்மனைகளில் வாசிக்கப்பட்ட ‘செமார் பெகுலிங்கான்’ முதலில் வரட்டும். அங்கே மெட்டு தெளிவாகக் கேட்கும், காதும் களைப்படையாது. பிறகு நான்கே ஸ்வரங்களில் இயங்கும் ‘அங்க்லுங்’. அதன் பின் கெப்யார். மேற்குப் பாலியின் ஜெம்பிரானா பகுதிக்கே உரிய ‘ஜெகோக்’ என்னும் பெருமூங்கில் கருவிகளின் முழக்கத்தை இவற்றுக்கு இடையே எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். நிழற்கூத்துக்கும் எரியூட்டுச் சடங்குக்கும் வாசிக்கப்படும் ‘கெண்டேர் வாயாங்’ வகையை இறுதியில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் பொதுவாக நான்கே கருவிகள்; கோங்கும் இல்லை, முழவும் இல்லை. ஒவ்வொருவரும் இரு கைகளிலும் சுத்தி பிடித்து அடிப்பதால், ஒலியை நிறுத்தும் வேலையை அடித்த கையின் மணிக்கட்டும் விரல்களுமே செய்ய வேண்டும். மற்ற வகைகளில் பழகிய காதுக்குத்தான் அதன் நுட்பம் எட்டும். அதற்கு முன் கேட்டால் பாதிக்கு மேல் நழுவிவிடும்.