ஜாவா 8-லேயே இருக்கலாமா, 21-க்கு மாறலாமா?

கேள்வி: எங்கள் அலுவலக பில்லிங் மென்பொருள் 10 ஆண்டுகளுக்கு முன் ஜாவா நிரல்மொழியின் 8-ஆம் பதிப்பில் எழுதியது. அதைப் பராமரிப்பது நான்தான். இப்போது ஆன்லைன் ஆர்டருக்காக ஒரு புதுப் பகுதி வேண்டும். அதையும் 8-லேயே எழுதலாமா, இல்லை எல்லாவற்றையும் 21-க்கு மாற்றிவிடலாமா?

பதில்: புதுப் பகுதியை 21-ல் எழுதுங்கள். பழையது இப்போதைக்கு 8-லேயே ஓடட்டும். ஒரே சர்வரில் இரண்டு ஜாவாவையும் வைத்துக்கொண்டு, இரண்டு நிரல்களும் ஏபிஐ எனும் இடைமுகம் வழியாகப் பேசிக்கொள்ளலாம். 21-க்கென கம்பைல் செய்த (ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றிய) ஜார் கோப்பை, அதாவது ஜாவா நிரல் தொகுப்பை, மட்டும் பழைய நிரலுக்குள் சேர்க்காதீர்கள். ஜாவா 8 அதைத் திறக்கவே திறக்காது.

புதியதை 8-ல் எழுத வேண்டாம் என்று நான் அழுத்திச் சொல்லக் காரணம் நூலகங்கள், அதாவது பிறர் எழுதி நாம் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல்கள். ரெக்கார்ட், விர்ச்சுவல் த்ரெட் போன்ற புதிய ஜாவாவின் வசதிகள் இல்லாமலும் வேலை நடக்கும். ஆனால் இணையச் செயலிகள் எழுத உதவும் நூலகமான ஸ்பிரிங் பூட்டில், 2022 நவம்பரில் வந்த 3-ஆம் பதிப்புக்குக் குறைந்தது ஜாவா 17 வேண்டும். 8-ல் ஓடும் ஸ்பிரிங் பூட் 2.7-க்கு இலவச ஆதரவு 2023-லேயே முடிந்துவிட்டது. பணம் புழங்கும் இடத்தில், பாதுகாப்புத் திருத்தம் வராத நூலகத்தை நம்பிப் புதிதாக ஒன்றைத் தொடங்கலாமா? (2025 செப்டம்பரில் ஜாவா 25-உம் வந்துவிட்டது. உங்கள் நூலகங்கள் ஒத்துழைத்தால் அதையே எடுக்கலாம்.)

பழைய சர்வரில் இருப்பது யாருடைய ஜாவா 8 என்று இன்றே பாருங்கள். வணிகப் பயன்பாட்டுக்கான இலவச அப்டேட்டை ஆரக்கிள் 2019 ஜனவரியோடு நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை என்றால் டெமுரின் அல்லது கொரெட்டோ என்ற பிற வெளியீடுகளின் ஜாவா 8-ஐப் போடுங்கள். இலவசம்தான், நிரலில் பெரும்பாலும் எதையும் மாற்ற வேண்டியிருக்காது.

அப்புறம், பழையதையும் ஒருநாள் மாற்றத்தான் வேண்டும். சோதனைக் கணினியில், அதே ஜாரை மறுபடி கம்பைல் செய்யாமல் 21-ல் ஓட்டிப் பாருங்கள். எக்ஸ்எம்எல் எனும் தரவு வடிவத்தைக் கையாளும் ஜாக்ஸ்பி 11-லேயே ஜாவாவிலிருந்து நீக்கப்பட்டது. அதைத் தனி நூலகமாகச் சேர்க்க வேண்டும். ஜாவா தன் சொந்தப் பயனுக்கு மட்டும் வைத்திருக்கும் உட்பகுதிகளைத் திருட்டுத்தனமாகத் தொடும் பழைய நூலகங்களை 17 தடுத்துவிடும். அவை எவை என்று ஜேடெப்ஸ் கருவி ஓரளவு காட்டிக்கொடுக்கும். நான் முதலில் 11, பிறகு 17, கடைசியில் 21 என்று கம்பைல் செய்வேன். பிழைகள் மொத்தமாக வந்து குழப்பாது.

பிழையே காட்டாமல் கெடுக்கும் மாற்றம் ஒன்று உண்டு. ஜாவா 18 முதல், எழுத்துக் குறியீட்டைக் குறிப்பிடாமல் திறக்கும் கோப்பு யுடிஎஃப்-8 (யூனிகோட் எழுத்துக் குறியீடு) ஆகவே வாசிக்கப்படும். 8-ல், விண்டோஸ் எந்தக் குறியீட்டில் அமைந்திருக்கிறதோ அதுதான். வாடிக்கையாளர் பெயர்களைத் திஸ்கி போன்ற பழைய தமிழ்க் குறியீட்டில் சேமித்திருந்தால், 21-ல் நிரல் அமைதியாக ஓடும், பெயர்கள் மட்டும் சிதைந்துவிடும். அந்தச் சிதைந்த பெயரையே திரும்பச் சேமித்துவிட்டால் மீட்க வழியில்லை. அதனால் கோப்பு திறக்கும் ஒவ்வொரு இடத்திலும் குறியீட்டை வெளிப்படையாக எழுதுங்கள். இதை 8-ல் இருக்கும்போதே செய்யலாம். புதிதாகத் தட்டச்சு செய்த மாதிரிக் கோப்பில் இந்தக் கோளாறு தெரியாது. 10 ஆண்டுப் பழைய கோப்பின் நகல் ஒன்றை எடுத்துச் சோதியுங்கள்.