லெனர்டின் ஓய்வு: வாசகர் கடிதமும் பதிலும் (ஜனவரி 2019)

அன்பின் அக்கா,

நான் ரொறன்ரோவின் ஸ்காபுரோவில் வளர்ந்தவன். வின்ஸ் கார்ட்டர் காலத்திலிருந்து ரொறன்ரோ ராப்டர்ஸ் கூடைப்பந்து அணியின் ரசிகன். 2018-19 பருவத்தின் பாதி முடிந்துவிட்டது. 42 ஆட்டங்களில் 30 வெற்றி. கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனாலும் என் மனம் இந்த அணியோடு ஒட்டவில்லை. ஒன்பது ஆண்டுகள் எங்களுக்காக ஆடிய டிமார் டிரோசனைச் சான் அன்ரோனியோ அணிக்கு அனுப்பிவிட்டு, அங்கிருந்து, வரும் கோடையில் இருப்பாரா போவாரா என்று தெரியாத கவாய் லெனர்டைக் கொண்டுவந்தார்கள். அவரோ அடுத்தடுத்த நாள்களில் ஆட்டம் வந்தால் ஒன்றில் ஆடுவதில்லை. ஜனவரி 6, இந்தியானாவுடனான ஆட்டத்துக்கு, மகனின் பிறந்தநாள் பரிசாக அவனையும் அப்பாவையும் அழைத்துப் போனேன். மேல்தளத்து இருக்கைகள், அப்பா படியில் இரண்டு தரம் நின்று நின்றுதான் ஏறினார். போய் உட்கார்ந்தால் லெனர்ட் இல்லை, ஓய்வாம். என் அப்பா இருபத்தாறு ஆண்டுகள் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காமல் வேலைக்குப் போனவர். ஆண்டுக்கு 23 மில்லியன் டாலர் வாங்குபவருக்கு என்ன ஓய்வு? எங்கள் மூன்று புள்ளி எறிதல் ஏன் இவ்வளவு தடுமாறுகிறது? அணிகள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளக் கடைசி நாளான பெப்ரவரி 7க்குள் யாரையாவது மாற்ற வேண்டுமா? இந்த அணி கிழக்குப் பிரிவைத் தாண்டி இறுதிச் சுற்றுக்குப் போகுமா?

க., ஸ்காபுரோ

*

அன்பின் தம்பி,

உங்கள் கடிதம் வந்த நேரத்தில் நானும் லெனர்டைப் பற்றித்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஜனவரி 3ஆம் திகதி சான் அன்ரோனியோவில் அவர் பந்தைத் தொட்டபோதெல்லாம் அரங்கம் கூச்சலிட்டதையும், துரோகி என்று கத்தியதையும் தொலைக்காட்சியில் பார்த்ததிலிருந்து மனம் சரியாக இல்லை. 2014இல் அந்த நகரம் கிண்ணத்தை வென்றபோது இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வானவர் அவர்தான், அப்போது அவருக்கு வயது 22. அந்த மக்களே இன்று அவரை இப்படி நடத்துவதற்கு வேர் எங்கே என்று தேடினால், தொடைத் தசை வலிக்கிறது, என்னால் ஆட முடியாது என்று அவர் சொன்ன இடத்துக்குத்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது. உங்கள் கடிதத்தில் அதே கூச்சலின் மெல்லிய எதிரொலி கேட்டது. அதனால்தான் பொதுவில் பதில் எழுதுகிறேன்.

சிறிய கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். மூன்று புள்ளி எறிதல் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. டேனி கிரீன் நன்றாகவே எறிகிறார், மற்றவர்களுக்குக் கிடைக்கும் வாய்ப்புகளும் பெரும்பாலும் தடுப்பவர் அருகில் இல்லாத நல்ல வாய்ப்புகள்தான். பெப்ரவரி 7க்குள் யாரை மாற்றுவது என்பதை என்னிடம் கேட்காதீர்கள், அது அணி நிர்வாகத்தின் தலைவர் மசாய் உஜிரியின் வேலை. கைல் லௌரி டிசம்பரின் பிற்பாதியில் முதுகு வலியால் பெரும்பாலும் ஆடவில்லை, யோனாஸ் வலன்சியூனஸின் கட்டைவிரல் மூட்டு விலகிவிட்டது. முழு அணி ஒன்றாக ஆடிய நாள்களே குறைவாக இருக்கும்போது எதைக் குறை என்று தீர்மானிப்பது?

டிரோசன் விஷயத்தில் உங்கள் துயரம் எனக்குப் புரிகிறது. அவர் போன நாளில் எங்கள் வீட்டிலும் ஒருவரோடொருவர் பேசவில்லை. இந்த நகரத்தில் இருக்க விரும்புகிறேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னவர் அவர். கடந்த ஆண்டு தன் மனச்சோர்வைப் பற்றி வெளிப்படையாகப் பேசி எத்தனையோ பேருக்குத் துணிவு தந்தவர். அதே ஜனவரி 3ஆம் திகதி அவர் 21 புள்ளிகளும், தவறிய எறிதலில் துள்ளும் பந்தைப் பிடிக்கும் ரீபவுண்டுகள் 14உம், சக ஆட்டக்காரர் புள்ளி எடுக்கப் பந்தைக் கொடுத்தவை 11உமாக, மூன்று கணக்கிலும் இரட்டை இலக்கத்தைத் தன் வாழ்வில் முதல் முறையாக எட்டினார். நாம் 107-125 என்று தோற்ற ஆட்டம் அது, இருந்தும் அவருக்காக மகிழ்ந்தேன். ஆனால் அந்த அன்பை லெனர்டுக்கு எதிரான வழக்காக மாற்றாதீர்கள். அவர் ரொறன்ரோவைக் கேட்டு வந்தவர் அல்லர், டிரோசனை அனுப்பச் சொன்னவரும் அல்லர். சென்ற பருவத்தில் 59 ஆட்டங்களை வென்ற அணி, பருவம் முடிந்து வரும் வெளியேற்றச் சுற்றான பிளேஆஃபில் கிளீவ்லாந்திடம் நான்குக்குப் பூச்சியம் என்று தோற்ற பிறகு, பயிற்சியாளர் டுவேன் கேசியை நீக்கியதும் இந்த மாற்றத்தைச் செய்ததும் நிர்வாகம்தான். கோபம் இருந்தால் அதை உரிய முகவரிக்கு அனுப்புங்கள்.

இப்போது ஓய்வுக்கு வருகிறேன். ஜனவரி 5, சனிக்கிழமை இரவு, மில்வோக்கியில் லெனர்ட் ஆடினார். கிழக்கில் நமக்கு மிகக் கடினமான எதிரணியை அதன் சொந்த அரங்கிலேயே 123-116 என்று வென்றோம். அந்த இரவே விமானத்தில் திரும்பி மறுநாள் இந்தியானாவோடு ஆட வேண்டும். அந்த மறுநாள் ஆட்டத்துக்குத்தான் நீங்கள் போனீர்கள். அதில் அவர் இல்லாமலேயே 121-105 என்று வென்றோம் என்பதை உங்கள் கடிதத்தில் எழுத மறந்துவிட்டீர்கள்.

சென்ற பருவம் முழுவதிலும் ஒன்பதே ஆட்டங்கள் ஆடிய மனிதர் இவர். அணியின் மருத்துவர்கள் ஆடலாம் என்றார்கள். அவர் தானாகத் தேடிப்போன மருத்துவர்கள் இன்னும் இல்லை என்றார்கள். இரண்டு தரப்பில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. அந்தத் தசைக்குள் இருந்த வலியை உணர்ந்தவர் ஒருவர் மட்டுமே. ஆடச் சொன்னவர்கள் ஒருவருக்கும் அந்தக் கால் சொந்தமாக இருக்கவில்லை. இங்கே ராப்டர்ஸ் செய்தது என்ன? 2011 முதல் அணியோடு இருக்கும் இயன்முறை மருத்துவர் அலெக்ஸ் மக்கெக்னியின் கையில் அவரை ஒப்படைத்து, அடுத்தடுத்த இரவுகளில் ஆட வேண்டாம் என்று தொடக்கத்திலேயே முடிவு செய்தது. அணியின் அறிக்கையில் இதற்குச் சுமை மேலாண்மை என்று எழுதுகிறார்கள். அந்தச் சொல்லை எல்லோரும் கேலி செய்கிறார்கள். எனக்கு அந்தச் சொல்லின் மேல் மரியாதை இருக்கிறது, ஏனென்றால் உடல் சுமக்கிறது என்பதை வாய்விட்டு ஒப்புக்கொள்கிறது அது.

இது புதிய வழக்கமும் இல்லை. 2012 நவம்பரில் சான் அன்ரோனியோவின் பயிற்சியாளர் கிரெக் போப்போவிச் தன் முக்கிய ஆட்டக்காரர்கள் நால்வரை மயாமி ஆட்டத்துக்கு முன்பே வீட்டுக்கு அனுப்பினார். அதற்காக அணிக்கு 2,50,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. டிம் டங்கன், ரொனி பார்க்கர், மனு ஜினோபிலி ஆகியோரோடு வீட்டுக்குப் போன நான்காமவர், இன்று நம் அணியில் ஆடும் அதே டேனி கிரீன். அந்த அணியில் 2013-14 பருவத்தில் ஒருவர்கூடச் சராசரியாக ஓர் ஆட்டத்துக்கு முப்பது நிமிடம் ஆடவில்லை. அந்த ஆண்டே கிண்ணத்தை வென்றார்கள். டங்கன் நாற்பது வயதில்தான் விடைபெற்றார். முப்பது அணிகள் ஒவ்வொன்றும் 82 ஆட்டம் ஆட வேண்டும் என்பதை வகுத்தது யாருடைய முழங்காலும் அன்று. சீட்டு விற்பனையும் தொலைக்காட்சி ஒப்பந்தமும். அதன் பிறகு பிளேஆஃபில் கிண்ணம் வரை போகும் அணி மேலும் 28 ஆட்டங்கள் வரை ஆட நேரலாம். ஓர் ஆட்டத்துக்கு ஏறக்குறைய 2,80,000 டாலர் என்று நீங்களும் கணக்குப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பணம் ஜூன் மாதத்திலும் ஓடக்கூடிய ஒரு காலுக்குத் தரப்படுவது என்றும் கணக்குப் பாருங்கள்.

லெனர்ட் இல்லாத இரவுகளில் நடப்பதை நீங்கள் பார்க்கவே இல்லை என்பதுதான் ஒரு ரசிகையாக எனக்கு வருத்தம். டிசம்பர் 12ஆம் திகதி, கோல்டன் ஸ்ரேற் வாரியர்ஸை அவர்களுடைய அரங்கிலேயே 113-93 என்று வென்றபோது அவர் ஆடவில்லை. நம் இளம் ஆட்டக்காரர் பாஸ்கல் சியாகமைப் பாருங்கள். கமரூனில் துவாலா நகரத்தில் பிறந்து, பாதிரியாராக வேண்டும் என்று தந்தை சேர்த்த குருமடத்தில் படித்து, 2012இல் தென்னாபிரிக்காவில் நடந்த முகாம் ஒன்றுக்குப் பிறகுதான் கூடைப்பந்தைத் தொழிலாக எண்ணத் தொடங்கியவர். அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்தபோது தந்தை விபத்தில் இறந்தார். இறுதிச் சடங்குக்குக்கூடப் போக முடியவில்லை. அணிகள் புதிய ஆட்டக்காரர்களை வரிசையாக எடுக்கும் 2016 தேர்வில் 27ஆவது இடத்தில் எடுக்கப்பட்டு, மிசிசாகாவில் ஆடும் நம் துணை அணியில் பழகி, சென்ற ஆண்டு ஆட்டத்துக்கு ஏழு புள்ளிகள் எடுத்தவர் இந்த ஆண்டு அதைப்போல் இரண்டு மடங்கு எடுக்கிறார். லெனர்ட் களத்தில் இருக்கும்போது பந்து அவரிடமே போய் நிற்கிறது, மற்றவர்கள் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள் என்பது இந்த அணியின் உண்மையான குறை. அவர் ஓய்வெடுக்கும் நாளில் பந்து ஐந்து கைகளில் ஓடுகிறது. அந்த நாள்களில்தான் சியாகம் தன் கைக்குப் பந்து வருவதற்குப் பழகுகிறார். 2016 தேர்வில் எந்த அணியும் எடுக்காமல் விட்ட ஃபிரெட் வான்வ்லீட் அந்த நாள்களில்தான் ஆட்டத்தை நடத்துகிறார். உங்கள் மகன் அன்று பார்த்தது குறைபட்ட ஆட்டம் என்று அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தது, தம்பி? நீங்கள்தானே.

இனி, உங்கள் அப்பா விடுப்பே எடுக்காதவர் என்ற அந்த வரி. அதைப் படித்த பிறகு சற்று நேரம் என்னால் மேலே படிக்க முடியவில்லை.

என் அப்பா இந்த நாட்டுக்கு வந்த மூன்றாம் வாரமே ஸ்காபுரோவில் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலைக்குச் சேர்ந்தார். சனி ஞாயிறுகளில் நகர மையத்தில் அலுவலகங்களைத் துப்புரவு செய்யப் போவார். விடுப்பு எடுக்காதவர் என்று தொழிற்சாலையில் கொடுத்த சான்றிதழைச் சட்டமிட்டு, சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். 2001 மே 20ஆம் திகதி பிலடெல்பியாவுடனான தொடரை முடிவு செய்த ஏழாவது ஆட்டத்தை, முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்து, முதுகைத் தரையில் நீட்டிப் படுத்துக்கொண்டுதான் பார்த்தார். உட்கார முடியாத அளவுக்கு அப்போதே வலி. அன்று காலை வின்ஸ் கார்ட்டர் வட கரோலினாவில் தன் பட்டமளிப்பு விழாவுக்குப் போய்விட்டு ஆட்டத்துக்கு வந்ததும், கடைசி எறிதல் தவறி 87-88 என்று நாம் தோற்றதும் உங்களுக்கு நினைவிருக்கும். பட்டம் பெரிதா வேலை பெரிதா என்று அப்பா அன்று திரையைப் பார்த்துக் கத்தினார். நானும் சேர்ந்து கத்தினேன். இரண்டு ஆண்டுகள் கழித்து என் பட்டமளிப்பு ஒரு வேலை நாளில் வந்தது. அப்பா வரவில்லை. ஒரு நாள் விட்டால் அந்த ஆண்டின் சான்றிதழ் போய்விடும் என்றார். அம்மாவும் நானும் பேருந்தில் போய்ப் பேருந்தில் வந்தோம். ஐம்பத்து நான்காவது வயதில் முதுகெலும்பின் தட்டு விலகி வேலையை விட்டார். அதன் பிறகு என் மகளை ஒரு முறைகூட அவரால் தூக்க முடியவில்லை. யாராவது தூக்கிக்கொண்டுவந்து அவர் மடியில் வைக்க வேண்டும். அப்பா இப்போது இல்லை. சான்றிதழ்கள் என்னிடம் இருக்கின்றன, மொத்தம் பதினொன்று.

ஆகையால், அப்பாவின் விடுப்பில்லாத ஆண்டுகளை எடுத்து இன்னொரு மனிதனை அடிக்கும் தடியாக்காதீர்கள் என்று கோபமாகவே சொல்கிறேன். அவர்கள் நமக்காகச் செய்தது பெரிது. அந்த நன்றி நமக்குச் சாகும்வரை இருக்கும். ஆனால் அவர்களுக்கு ஓய்வு மறுக்கப்பட்டது; மறுக்கப்பட்டதை அவர்கள் பெருமையாக மாற்றிக்கொண்டு வாழ்ந்தார்கள், ஏனென்றால் வேறு வழி இருக்கவில்லை. லெனர்டுக்கு வழி இருக்கிறது, அவர் அதைப் பயன்படுத்துகிறார். பணமும் புகழும் உள்ள ஒருவர்கூட என் உடலைப் பற்றி நான் முடிவு செய்வேன் என்று சொல்ல இத்தனை வசை வாங்க வேண்டியிருக்கிறது என்றால், வாரச் சம்பளக்காரர் ஒருவர் அதை எப்படிச் சொல்வார்? உங்கள் மகன் நாளை ஒரு வேலையில் சேர்ந்து, முதுகு வலிக்கிறது என்று வீட்டுக்கு வந்தால், தாத்தாவைப் பார் என்று சொல்லித் திருப்பி அனுப்புவீர்களா?

கிழக்கைத் தாண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். தாண்டலாம் என்று நம்புகிறேன். 2016, 2017, 2018 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து நம்மை வீட்டுக்கு அனுப்பிய, கிளீவ்லாந்தில் ஆடிய லெப்ரோன் ஜேம்ஸ் இப்போது மேற்குப் பிரிவில் இருக்கிறார். மில்வோக்கியும் பொஸ்டனும், ஜிம்மி பட்லர் வந்து சேர்ந்த பிலடெல்பியாவும் எளிய அணிகள் அல்ல. ஆனால் ஏப்ரலில் லெனர்டும் லௌரியும் வலியின்றி ஒன்றாக ஓடினால், புதிய பயிற்சியாளர் நிக் நர்ஸ் எதிரணிக்கு ஏற்ப வலன்சியூனஸையும் செர்ஜ் இபாகாவையும் மாற்றி மாற்றித் தொடங்க வைக்கும் முறையும் பலன் தந்தால், இதைவிட நல்ல ராப்டர்ஸ் அணியை நாம் பார்த்ததில்லை.

மேல்தளத்துப் படியில் அப்பா இரண்டு தரம் நின்றார் என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே லெனர்ட் வராததற்குப் போய்விட்டீர்கள். அவர் ஏன் நின்றார்? முழங்காலா, முதுகா, மூச்சு முட்டியதா? கேட்டீர்களா? இந்த வாரமே குடும்ப மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். ஒன்றும் இல்லை என்பார், வீண் செலவு என்பார், எங்கள் அப்பாவும் அதையேதான் சொன்னார். நீங்கள் ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கூடவே போங்கள். மருத்துவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா