அப்பாவுக்கு வாங்கிக் கொடுத்த ஹெட்போன்

கேள்வி: எனக்கு வயது 43. மடிப்பாக்கத்தில் இரண்டு பெட்ரூம் ஃப்ளாட். பையன் ஒன்பதாவது படிக்கிறான். ஸ்கூல் விட்டு வந்து போனை எடுத்தால் ராத்திரி பதினொன்று வரை ரீல்ஸ், கேம், யூடியூப்தான். சாப்பிடக் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. முன்பு அப்பா வேறு ஹாலில் டிவி நியூஸை ஃபுல் வால்யூமில் வைப்பார். அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் முப்பது வருஷம் இருந்தவர், எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டும். பையன் படிப்பு கெடுகிறதென்று அவருக்கு ஒரு டேப்லெட்டும் ஹெட்போனும் வாங்கிக் கொடுத்து உள் ரூமுக்கு மாற்றிவிட்டோம், சாப்பாடும் அங்கேயே போய்விடுகிறது. இப்போது வீடு அமைதி. பையன் போனைக் கட்டுப்படுத்த நல்ல ஆப் எது? எப்படிச் சொன்னால் கேட்பான்?
- வாசகர், மடிப்பாக்கம்

பதில்: ஆப் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ஆண்ட்ராய்டு என்றால் கூகுளின் ஃபேமிலி லிங்க், ஐபோன் என்றால் செட்டிங்ஸிலேயே ஸ்க்ரீன் டைம். இரண்டும் இலவசம், இத்தனை மணிக்கு மேல் போன் பூட்டிக்கொள்ளட்டும் என்று வைத்துவிடலாம். யூடியூபில் ஆட்டோபிளேயை அணைத்துவிடுங்கள். அரை மணி நேர வேலை.

இனி அப்பாவுக்கு வருவோம், தம்பி. அவரைப் பற்றி நீங்கள் ஒன்றுமே கேட்கவில்லை, போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். பிரஸ் ஷாப்பில் முப்பது வருஷம், ஃபுல் வால்யூம், இரண்டு தடவை சொல்ல வேண்டும். மூன்றையும் அடுத்தடுத்து எழுதிய உங்களுக்கே ஒன்றும் உறைக்கவில்லையா? அவருக்குக் காது போய்க்கொண்டிருக்கிறது. தகட்டின் மேல் நாளெல்லாம் பிரஸ் விழுகிற சத்தத்தில் வருஷக்கணக்கில் நின்றவர், அந்தக் காலத்துப் பட்டறைகளில் காதுக்கு அடைப்பான் யார் கொடுத்தார்கள்? உள்காதில் முடி மாதிரி மெல்லிய செல்கள் இருக்கின்றன, பெரிய சத்தத்தில் அவை செத்தால் செத்ததுதான், மறுபடி முளைக்காது. முதலில் போவது கீச்சொலிகள். ச, ஸ, த மாதிரி ஓசைகளும் பெண்கள், குழந்தைகள் குரலும் மங்கும். அதனால்தான் சத்தம் கேட்கும், சொல் புரியாது. பின்னால் மியூசிக்கை அலறவிட்டு நாலு பேர் ஒரே நேரத்தில் கத்துகிற நியூஸ் சேனலில் அவருக்கு என்ன புரியும்? வால்யூமைக் கூட்டத்தான் செய்வார்.

அதற்கு நீங்கள் செய்த வைத்தியம் ஹெட்போன். வயது வந்தவர்களுக்கு 80 டெசிபல் சத்தம் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் வரைதான் காது தாங்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஹெட்போனை முழுசாகத் திருகினால் 100-ஐத் தாண்டக்கூடும். ஏற்கெனவே பழுதான காதுக்குள் அதைச் செருகி, கதவையும் சாத்திவிட்டு, வீடு அமைதி என்கிறீர்கள். உங்களைப் படிக்க வைத்த சம்பளம் அந்தப் பிரஸ் சத்தத்துக்குள் நின்று வாங்கியது. அவர் காதைக் கொடுத்து உங்களை வளர்த்திருக்கிறார், நீங்கள் அவரை ஒரு காது டாக்டரிடம் கூட்டிப் போயிருக்கிறீர்களா? கடிதத்தில் அப்படி ஒரு வரி இல்லை.

பையனுக்கு வருகிறேன். எப்படிச் சொன்னால் கேட்பான் என்கிறீர்கள். அந்த டேப்லெட் பெட்டியைப் பிரித்த அன்று அவனும் வீட்டில்தானே இருந்தான்? தொந்தரவு செய்கிற ஆளின் கையில் ஒரு ஸ்க்ரீனைக் கொடுத்து ஒதுக்கிவிட்டால் அவரோடு பேச வேண்டாம், அவருக்கு என்ன குறை என்று கேட்க வேண்டாம் என்று நீங்கள்தான் செய்து காட்டினீர்கள். தாத்தாவுக்குத் தட்டு ரூமுக்குள் போகிறது, அப்புறம் நான் மட்டும் ஏன் எழுந்து வர வேண்டும் என்று அவன் நினைத்தால் தப்பா? இன்னொன்று, தாத்தாவை உள்ளே அனுப்பியதே அவன் படிப்புக்காக. பதினொன்று வரை ரீல்ஸ் பார்க்கிறான். அந்தப் படிப்பு எங்கே?

என் அபிப்பிராயம் பழசாகத் தோன்றலாம், பரவாயில்லை. வீட்டுக்கு ஒரு டிவி, அதுவும் ஹாலில்தான் இருக்க வேண்டும். 1975-இல் சென்னையில் தூர்தர்ஷன் வந்த புதிதில் டிவி இருக்கிற வீட்டில் தெருவே வந்து உட்கார்ந்தது. அப்புறம் வீட்டுக்கு ஒன்று வந்தது, ரிமோட்டுக்குச் சண்டை போட்டோம், ஆனால் சண்டை போடுவதற்காவது பக்கத்தில் இருந்தோம். 2016-க்கு மேல் டேட்டா மலிந்ததும் ஆளுக்கொரு ஸ்க்ரீன், ஆளுக்கொரு மூலை. போனைக் கெட்டது என்று நான் சொல்லவில்லை, நானும் வைத்திருக்கிறேன். ஆனால் வயசான ஒருத்தரைத் தனியாக உட்கார வைக்க அதை உபயோகப்படுத்துவது பாவம். வேறு வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை.

இந்த வாரமே லீவு போட்டு அப்பாவைக் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் கூட்டிப் போங்கள். வெறும் அழுக்கு அடைப்பாக இருந்தால் எடுத்துவிடுவார்கள். இல்லையென்றால் ஆடியோகிராம் எடுப்பார்கள், சத்தம் புகாத ரூமில் உட்கார வைத்து, 'பீப்' கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொல்வார்கள். வலி கிடையாது. தனியாரிடம் வசதிப்படாவிட்டால் சென்ட்ரல் எதிரில் ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனை இருக்கிறது. காது மந்தத்தைக் கவனிக்காமல் விட்டால் பிற்பாடு மறதி நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது என்று லான்செட் மருத்துவ இதழின் குழுவே 2020-இல் எழுதியிருக்கிறது, அதனால் தள்ளிப் போடாதீர்கள். இன்று ராத்திரியிலிருந்தே அவர் தட்டு ஹாலுக்கு வரட்டும். அவரிடம் பேசும்போது உள்ளிருந்து கத்தாமல் எதிரில் போய் நின்று, முகம் பார்த்து, நிதானமாகப் பேசுங்கள், பாதி புரிந்துவிடும். டிவி அந்த நேரத்தில் ஓட வேண்டாம்.

காது கேட்கிற மிஷின் வைக்கச் சொன்னால், ஆரம்பத்தில் அவருக்குப் பிடிக்காது. பாத்திரம் விழுகிற சத்தம்கூட மண்டைக்குள் இடிக்கிறது என்று கழற்றி டிராயரில் போட்டுவிடுவார், நிறைய வீடுகளில் அப்படித்தான் கிடக்கிறது. பழக வாரக்கணக்கில் ஆகும், விடாதீர்கள். தினமும் காலையில் அதைத் துடைத்து, பேட்டரி பார்த்து, தாத்தா காதில் மாட்டிவிடுகிற வேலை பையனுடையது. பரீட்சை இருந்தாலும் அவன்தான் செய்ய வேண்டும்.