வெள்ளை ஓடு காட்டிக்கொடுக்காதா?

கேள்வி: பசிபிக் பெருங்கடலின் தாஹிட்டித் தீவில் நத்தை இனங்கள் பல அழிந்துபோக, ஒன்று வெள்ளையாக இருந்ததாலேயே பிழைத்தது என்கிறார்களே! வெள்ளை என்றால் எதிரியின் கண்ணில் முதலில் படாதா? – ஒரு வாசகி

பதில்: நானும் முதலில் இப்படித்தான் குழம்பினேன். எதிரி என்றதும் பறவையை நினைத்ததால் வந்த வினை. இங்கே எதிரி இன்னொரு நத்தை. அது கண்ணை நம்பி வேட்டையாடுவதில்லை. இரை விட்டுப்போன சளித் தடத்தை உதட்டால் தடவி அறிந்து பின்னாலேயே போய்விடும்.

அது தானாகவும் வரவில்லை. தோட்டங்களை மேய்ந்த ஆப்பிரிக்கப் பெரிய நத்தையைத் தின்னட்டும் என்று 1974-இல் ரோஜா ஓநாய் நத்தையைக் கொண்டுவந்து விட்டார்கள். வேலியில் போன ஓணான் கதைதான்! வந்தது, காட்டில் தன்பாட்டுக்கு இருந்த சின்ன மரநத்தைகளைத் தின்னத் தொடங்கியது. தாஹிட்டி அடங்கிய சொசைட்டி தீவுகளில் 50-க்கும் மேற்பட்ட இனங்கள் போயின. இவை ஒவ்வொன்றாகக் குட்டி போடுபவை. அந்த வேகத்தில் இழப்பை ஈடுகட்ட முடியுமா?

சரி, உங்கள் வெள்ளை நத்தைக்கு வருவோம். பெயர் பார்ட்டுலா ஹையலினா. வெளிர் ஓடு வெயிலைத் திருப்பி அனுப்பிவிடுவதால், காட்டோரத்தில் வெயில் படும் இலைகளிலும் அது பகலைக் கழிக்கும். அடர்நிற ஓட்டுக்காரனான ஓநாய் நத்தைக்கு அந்த வெயில் தாங்காது. இரவில் வரலாம், வெயில் ஏறுவதற்குள் நிழலுக்குத் திரும்பியாக வேண்டும்.

இதை மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 2017-இல் அளந்த விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஓநாய் நத்தையின் ஓட்டில் 5 மில்லிமீட்டர் நீளக் கணினி ஒன்றை ஒட்டினார்கள். ஹையலினா பாதுகாக்கப்பட்ட இனம், அதன்மேல் கைவைக்கக் கூடாது. எனவே அது ஒட்டியிருந்த இலையின் மேலும் அடியிலும் அந்தக் கணினிகளை வைத்தார்கள். பேட்டரி எவ்வளவு வேகமாகச் சார்ஜ் ஆகிறதோ அவ்வளவு வெளிச்சம்! ஓநாய் நத்தை இருக்கும் இடத்தைவிட ஹையலினா இருக்கும் இடத்தில் சராசரியாக 10 மடங்கு வெளிச்சம் அதிகம். 2021-இல் முடிவை வெளியிட்டார்கள். அந்த ஓரத்துக் காட்டை விட்டுவைத்தால்தான் இந்த நத்தைக்கு வாழ்வு. ஆபத்து இன்னும் நீங்கவில்லை.

அப்புறம், வெள்ளைக்கு இன்னொரு ஆதாயமும் இருந்திருக்கிறது. அந்தத் தீவுகளின் பூர்வகுடிகளான பாலினீசியர்கள் அந்த ஓட்டை மாலையாகக் கோத்தார்கள். ஆஸ்திரல், குக் தீவுகளிலும் இந்த நத்தை இருப்பதற்கு, அவர்கள் படகில் கொண்டுபோனதே காரணம் என்று கருதுகிறார்கள்.